இரைப்பைப் புற்றுநோயும் அதன் மரபணுக் குறிகளும்

நோய் ஒன்றேயாயினும் நோயாளர் ஒரு தன்மையர் அல்லர். ஒரே பெயருடைய பிணியால் வருந்தும் பதின்மருக்கு ஒரே மருந்தை ஒரே அளவிற் கொடுத்தால், ஒருவர் எழுந்து நடமாடுகின்றார். மற்றொருவர் அதனால் யாதொரு பயனும் பெறாது மெலிகின்றார். இவ்வேற்றுமை எக்காரணத்தால் நிகழ்கின்றது என்பது வைத்திய சாஸ்திரத்தின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. இரைப்பைப் புற்றுநோயைப் பொறுத்தவரையில் இவ்வினாவிற்குரிய விடையின் ஒரு பகுதி அண்மைக் காலத்திற் கிடைத்துளது. அதனை இயன்ற அளவு எளிதாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2022-ஆம் ஆண்டில் உலக முழுவதிலும் ஏறக்குறைய 9,70,000 மக்கள் இந்நோய்க்குப் புதிதாக ஆளாயினர் என்றும், 6,60,000 மக்கள் இதனால் மாண்டனர் என்றும் கணக்கிட்டுள்ளனர். ஜப்பான், கொரியா, சீனம் முதலிய கீழ்நாடுகளில் இஃது மிகுதி. இதற்குத் தலையாய காரணம் ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்னும் நுண்கிருமியாம். இரைப்பையின் அமிலத்திலும் அழியாது பல்லாண்டு தங்கிப் புண்ணை விளைவிக்கும் இக்கிருமியைக் கண்டறிந்தமைக்காகவே ஆஸ்திரேலிய நாட்டு வைத்தியர்களாகிய பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபெல் பரிசு பெற்றனர். இந்நோய் தொடக்கத்தில் தன்னை வெளிக்காட்டுவதில்லை. பசியின்மை, அஜீரணம் என்று நாட்கள் கழியும். உடல் மெலிந்து இரத்தம் கக்கியபின் வைத்தியரை நாடுங்கால், அது பெரும்பாலும் கத்திக்கு எட்டாத நிலையை அடைந்திருக்கும்.

இனி, நமது தேகத்தின் காவலைச் சிறிது நோக்குவோம். இரத்தத்தில் உலவும் டி-அணுக்கள் என்பன அயலாரை இனங்கண்டு அழிக்கும் காவலர்கள். காவலர் வெறி கொண்டு சொந்த வீட்டையே இடித்துவிடாதவாறு, அவ்வணுக்களுக்கு இயற்கை ஒரு கடிவாளம் பூட்டியுளது. பி.டி.-1 என்னும் இக்கடிவாளத்தை ஜப்பான் நாட்டுக் கியோட்டோ நகரத்தில் தசுக்கு ஹோஞ்சோ என்பாரும் அவர்தம் குழுவினரும் 1992-இல் கண்டனர். புற்றணுவோ பெருங்கள்ளன், பி.டி.-எல்1 என்னும் புரதத்தைத் தன் மேனியிலே தாங்கி, அக்கடிவாளத்தைப் பற்றி இழுத்துக் காவலரை நிறுத்திவிடுகின்றது. அவ்வாறு பற்ற வொட்டாமல் தடுக்கும் மருந்துகளே நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் முதலியன. இவை புற்றைத் தாமே கொல்வன அல்ல. காவலரைக் கட்டவிழ்த்து விடுவன. வேறொரு கடிவாளத்தை ஆராய்ந்த அமெரிக்கராகிய ஜேம்ஸ் அலிசனும் ஹோஞ்சோவும் 2018-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர்.

இம்மருந்து இரைப்பைப் புற்றுநோயில் எவ்வளவு பயன் தந்தது? ஜப்பான், கொரியா, தைவான் ஆகிய மூன்று நாடுகளில், வேறு மருந்துகள் பயன்படாதுபோன 493 நோயாளரிடத்தே நிவோலுமாப் சோதிக்கப்பட்டு, முடிவு 2017-இல் வெளிவந்தது. மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 26 பேர் ஓராண்டின் பின்னும் உயிருடன் இருந்தனர். பெறாதாருள் 11 பேரே இருந்தனர். மகிழத்தக்க செய்தியே. எனினும் கட்டி கண்கூடாகச் சுருங்கியது மருந்து பெற்றோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேருக்கு மாத்திரமே. அங்ஙனமாயின் அப்பதினொருவர் யாவர்? அவரை முன்னரே அறிதல் கூடுமோ?

விடைக்கு வழிகாட்டியவள் ஒரு தையற்காரி எனலாம். 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில், ஆல்ட்ரெட் வார்த்தின் என்னும் நோய்க்குறி நூலாரிடம் அவள், தன் குடும்பத்தார் பலரும் இரைப்பை, குடல், கருப்பை ஆகியவற்றிற் புற்று உண்டாகி இறந்தனர் என்றும், தானும் அவ்வாறே இளமையில் இறப்பது திண்ணம் என்றும் கூறினாள். அவள் கூறியவாறே நிகழ்ந்தது. வார்த்தின் அக்குடும்ப வரலாற்றை 1913-இல் வெளியிட்டார். ஹென்றி லிஞ்ச் என்பார் 1966-இல் இத்தகைய குடும்பங்களை மீண்டும் ஆராய்ந்தார். அதன் காரணமோ 1993-ஆம் ஆண்டு தொடங்கியே விளங்கலாயிற்று.

அக்காரணம் யாது? உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அதன் டி.என்.ஏ. என்னும் நூல் முழுவதும் படியெடுக்கப்படுகின்றது. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்போர் தவறுவது போலவே இங்கும் பிழைகள் நேரும். அவற்றைத் திருத்துதற்கென்றே எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 முதலிய மரபணுக்கள் உள. பிழை திருத்துவோர் இல்லாத அச்சுக்கூடத்தில், ஒரே எழுத்து அடுத்தடுத்துப் பல முறை வரும் இடங்களிலேதான் பிழை மிகும். ஓரெழுத்துக் குறையும், அல்லது கூடும். டி.என்.ஏ. நூலிலும் அத்தகைய இடங்கள் உண்டு. அவற்றிற்கு மைக்ரோசாட்டலைட் என்று பெயர். அவற்றின் நீளம் நிலையின்றி மாறுபடுவதே முதற்குறியாகும். இக்குறியுடைய புற்றணுவில் பிழைகள் ஆயிரக்கணக்கிற் பெருகி, தேகம் முன்பு கண்டறியாத புரதங்கள் தோன்றும். கள்ளன் அயலுடை தரித்து நிற்றலின், கட்டவிழ்ந்த காவலர் அவனை எளிதில் இனங்காண்பர்.

இக்கருத்து 2015-இல் பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளரால் மெய்ப்பிக்கப்பட்டது. பெருங்குடற் புற்றுநோயாளருள், திருத்தும் ஆற்றல் இழந்த 10 பேரில் நால்வருக்குக் கட்டி சுருங்கிற்று. அவ்வாற்றல் உடைய 18 பேரில் ஒருவருக்கும் சுருங்கவில்லை. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கம், இக்குறியுடைய புற்று எவ்வுறுப்பில் தோன்றினும் பெம்ப்ரோலிசுமாப் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. உறுப்பை நோக்காது குறியையே நோக்கிப் புற்று மருந்தொன்றிற்கு அந்நாட்டில் அனுமதி வழங்கியது அதுவே முதன்முறை.

இரண்டாம் குறி ஒரு வைரஸ் ஆகும். 2014-இல் அமெரிக்க ஆராய்ச்சிக் கூட்டத்தார் 295 இரைப்பைப் புற்றுக்களின் மரபணுக்களை ஆராய்ந்து, அவற்றை நான்கு வகையாகப் பகுத்தனர். மேற்சொன்ன நிலையின்மையுடையது ஒரு வகை. 1964-இல் கண்டறியப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸ் குடிகொண்டது மற்றொரு வகை. இது நூற்றுக்கு 9. இவ்வகையிற் பி.டி.-எல்1 மரபணுவே பல படிகளாகப் பெருகியிருத்தல் உண்டு. காவலரும் கட்டியைச் சூழ்ந்து நிற்பர். ஆயின் கடிவாளம் இழுக்கப்பட்டமையால் செயலற்றிருப்பர். கொரியாவில் 61 நோயாளரிடம் பெம்ப்ரோலிசுமாப் சோதிக்கப்பட்டு, 2018-இல் வெளியான முடிவு வியப்பிற்குரியது. நிலையின்மைக் குறியுடைய எழுவரில் அறுவருக்கும், வைரஸ் குறியுடைய அறுவரில் அறுவருக்கும் கட்டி சுருங்கிற்று. மொத்தத்தில் பயன்பெற்றோர் நூற்றுக்கு 25 பேர் அளவினரே.

மூன்றாவதாகிய பி.டி.-எல்1 அளவு மரபணுக்குறி அன்று. சாயமேற்றி எண்ணப்படும் புரதக்குறி. 1,581 நோயாளரைக் கொண்டு நிகழ்ந்து 2021-இல் வெளியான பெருஞ்சோதனையில், இவ்வளவு 5-உம் அதற்கு மேலும் உடையாருக்குப் பழைய மருந்துகளோடு நிவோலுமாப் சேர்த்தபோது, பாதிப் பேர் உயிர்வாழ்ந்த காலம் 11.1 மாதத்தினின்று 14.4 மாதமாக உயர்ந்தது. ஆயின் இக்குறி உறுதி குறைந்தது. ஒரே கட்டியின் இருவேறு பகுதிகள் இருவேறு அளவு காட்டக்கூடும்.

குறிகளை ஏன் இவ்வளவு வருந்தித் தேடவேண்டும்? எல்லார்க்கும் மருந்தைக் கொடுத்தால் என்னை? என்று வினவுவார் உளர். கட்டவிழ்ந்த காவலர் தைராய்டு, நுரையீரல், குடல், அரிதாக இருதயம் ஆகியவற்றையும் தாக்குவர். மருந்தின் விலையோ குடும்பத்தின் நிலபுலங்களை விழுங்கவல்லது. பயனற்ற மருந்திற் கழியும் இரண்டு மாதம், ஓராண்டே வாழ்வுடைய நோயாளிக்குச் சிறு காலமன்று. மற்றும், குறியறியாது விடுதலும் தீங்கே. பிரான்சு தேசத்தில் கத்தி வைக்குமுன் இருவகைக் காவல் மருந்துகள் பெற்ற, நிலையின்மைக் குறியுடைய 32 பேருள், 29 பேருக்கு அறுவை நடந்தது. அவருள் 17 பேருக்கு வெட்டியெடுத்த பகுதியில் உயிருள்ள புற்றணு ஒன்றேனும் காணப்படவில்லை. இது 2022-இல் வெளிவந்த செய்தி. முற்றிய நோயாளருள் இக்குறியுடையார் நூற்றுக்கு ஐவர் அளவினரே யாயினும், அவ்வைவரைத் தவறவிடுதல் பேரிழப்பன்றோ?

எனினும் குறி என்பது விதியன்று. கைகாட்டி மரம் போல்வது. கொரியச் சோதனையில் வைரஸ் வகையினர் அறுவரே. பின்வந்த சோதனைகளில் அவ்வகையினர் அனைவருக்கும் பயன் கிட்டவில்லை. குறியில்லாதாருள்ளும் சிலர் நலம் பெற்றுள்ளனர். இரைப்பையில் இந்நிலையின்மை பெரும்பாலும் பிறப்புரிமையாக வருவதன்று, முதுமையில் எம்.எல்.எச்.1 மரபணு வாயடைக்கப்படுவதால் வருவது. ஆதலின் குறி கண்ட அளவிலே குடும்பத்தார் அஞ்சவேண்டுவதில்லை. ஆயின் அது பிறவியில் வந்ததோ என ஆராய்ந்து தெளிதல் வேண்டும். வந்ததாயின் உடன்பிறந்தாரும் மக்களும் நோய் தோன்றுமுன்னரே காத்துக்கொள்ளக் கூடும். அத்தையற்காரிக்கு இவ்வாய்ப்பு இருந்ததில்லை.

நோயை உறுதி செய்வதற்கென உட்காட்டிக் குழாய் வழியே எடுத்த சிறு சதைத்துண்டே இச்சோதனைகளுக்கும் போதும். திருத்தும் புரதங்கள் நான்கிற்கும் சாயமேற்றிப் பார்த்தலே முதற்படி. மருந்து தொடங்குமுன் ‘அச்சோதனை செய்யப்பட்டதா?’ என்று வைத்தியரைப் பணிவோடு வினவுதல், நோயாளியின் பக்கத்தில் இருப்போர் ஒவ்வொருவர்க்கும் உரிய கடமையாம்.