கார்டு காலாவதி ஆகலாம், வரிக் கடமை ஆகாது! தெரியுமா?

அமெரிக்காவை விட்டுக் கிளம்பிப் பத்து வருஷம் ஆகிவிட்டது. கிரீன் கார்டின் தேதியும் எப்போதோ முடிந்துவிட்டது. கோயம்புத்தூரில் வீடு கட்டி, பேரன் பேத்தி எடுத்து நிம்மதியாக இருக்கிறார் ஒருவர். அமெரிக்க வருமான வரித்துறையின் கணக்கில் அவர் இன்றைக்கும் அந்த நாட்டுவாசிதான் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும்!

கார்டில் அச்சிட்டிருக்கும் தேதி அந்தப் பிளாஸ்டிக் அட்டைக்குத்தான். நிரந்தரவாசி என்ற அந்தஸ்துக்குக் காலாவதித் தேதியே கிடையாது. அதை நீங்களாக எழுதிக்கொடுத்து விடவேண்டும். இல்லையென்றால் அரசாங்கமோ நீதிமன்றமோ 'முடிந்தது' என்று தீர்ப்பு சொல்ல வேண்டும். இரண்டும் நடக்காதவரை கோயம்புத்தூர் வாடகை, ஃபிக்சட் டெபாசிட் வட்டி, நிலம் விற்ற லாபம் எல்லாவற்றையும் வருடா வருடம் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இந்திய வங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு வருஷத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் அதற்குத் தனி அறிக்கை. விமானம் ஏறி வந்துவிட்டோம், எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சரி, எழுதிக்கொடுப்பது பெரிய பாடா? அதுதான் அடுத்த ஆச்சரியம். ஐ-407 என்று ஒரு படிவம். இரண்டே பக்கம். கட்டணம் ஒரு பைசா இல்லை! கிரீன் கார்டு வாங்க ஆயிரக்கணக்கில் டாலர் செலவழித்து, வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள், அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு தபால் செலவோடு முடித்துவிடலாம். அந்தத் தபாலில்தான் சூட்சுமம் இருக்கிறது. வரிச் சட்ட விதிப்படி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினால், அனுப்பிய தேதியையே விலகிய தேதியாக நிரூபிக்கலாம். கூரியரில் போட்டேன், ரசீதைக் காணோம் என்று நின்றால் தேதிக்குச் சாட்சி யார்?

ஒரு தேதிக்கு இவ்வளவு மதிப்பா? இதைப் பாருங்கள். கடைசி 15 வருஷங்களில் 8 வருஷம் கிரீன் கார்டு வைத்திருந்தவர் அமெரிக்க வரிச் சட்டத்தில் 'நீண்டகாலவாசி'. அவர் கார்டைக் கொடுத்தால், குடியுரிமையைத் துறந்தவருக்கு என்ன சட்டமோ அதே சட்டம்தான் அவருக்கும். இந்த 8 வருஷத்தை எப்படி எண்ணுகிறார்கள் தெரியுமா? ஒரு காலண்டர் வருஷத்தில் ஒரே ஒரு நாள் கார்டு கையில் இருந்தாலும் அது முழு வருஷம்! 2018 டிசம்பர் 30ஆம் தேதி கார்டு வாங்கியவர் 2025 ஜனவரி 2ஆம் தேதி திருப்பிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் ஆறு வருஷமும் சில நாளும். சட்டம் எண்ணினால் 18, 19, 20, 21, 22, 23, 24, 25 என எட்டு! அதே ஆள் 2024 டிசம்பர் 31ஆம் தேதி தபாலில் சேர்த்திருந்தால் ஏழோடு நின்றிருக்கும். இரண்டே நாள் தள்ளிப்போனதில் சிலருக்கு வாழ்நாள் சேமிப்பில் பெரும்பகுதியே ஆட்டம் கண்டுவிடும்.

ஏன்? வெளியேற்ற வரி! 2008இல் ராணுவ வீரர்களுக்கு வரிச் சலுகை தருவதற்காக ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சலுகைகளோடு சேர்ந்து அதே சட்டத்துக்குள் வந்ததுதான் இது. நீண்டகாலவாசி ஒருவர் கார்டைக் கொடுத்தால், அதற்கு முந்தைய நாள் அவர் உலகம் முழுக்க உள்ள சொத்துகளை விற்றுவிட்டதாகக் கற்பனை செய்துகொள்கிறது சட்டம். ஒரு செங்கல்கூடக் கைமாறவில்லை, ஒரு ரூபாய்கூடக் கைக்கு வரவில்லை. ஆனால் லாபக் கணக்கு போட்டு வரி கட்டு என்கிறது! 2025க்கு முதல் 8,90,000 டாலர் லாபம் வரை விலக்கு உண்டு. வங்கியில் சேர்த்த ஐ.ஆர்.ஏ. ஓய்வுக்காலக் கணக்கு இருந்தால், அது முழுவதும் ஒரே நாளில் எடுத்துவிட்டதாகக் கணக்கு.

எல்லாருக்கும் இது இல்லை, பயப்பட வேண்டாம். மூன்று வாசல்கள் இருக்கின்றன. ஒன்றில் மாட்டினாலும் மாட்டியதுதான். ஒன்று, நிகரச் சொத்து 20 லட்சம் டாலர், அதாவது 17 கோடி ரூபாய்க்கும் மேல். இரண்டு, முந்தைய ஐந்து வருஷத்தில் கட்டிய சராசரி வருமான வரி 2025 கணக்கில் 2,06,000 டாலரைத் தாண்டுவது. இந்த இரண்டும் பணக்காரர் சமாசாரம். மூன்றாவதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. 'கடந்த ஐந்து வருஷமும் வரிக் கடமைகளை ஒழுங்காகச் செய்தேன்' என்று 8854 என்ற படிவத்தில் சத்தியம் செய்யாதவர், கையில் ஐந்து காசு இல்லாவிட்டாலும், அதே பட்டியலில் சேர்ந்துவிடுவார்! அந்தப் படிவத்தைக் கொடுக்கவே இல்லையென்றால் 10,000 டாலர் அபராதமும் வரலாம். நீண்டகாலவாசியான நம் கோயம்புத்தூர்க்காரர் ஊருக்கு வந்தபின் ரிட்டர்ன் போடுவதை நிறுத்தியிருந்தால், அவருக்கு ஆபத்து இந்த மூன்றாவது வாசலில்தான்.

அநியாயமான சட்டத்துக்குள்ளும் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. தஞ்சாவூரில் தாத்தா காலத்து நன்செய் உங்கள் பெயரில் இருக்கிறது, அதோடுதான் அமெரிக்கா போனீர்கள் என்றால், தாத்தா வாங்கிய விலையிலிருந்து லாபம் கணக்கிட மாட்டார்கள். நீங்கள் முதன்முதலில் அமெரிக்க வரிவாசி ஆன நாளில் அந்த நிலத்தின் சந்தை மதிப்பு என்னவோ அதுதான் ஆரம்ப விலை. ஆகவே அந்த வருஷத்து மதிப்பீட்டுச் சான்று ஒன்று கையில் இருந்தால் அது தங்கம்!

இன்னொன்று. மேற்படி பட்டியலில் மாட்டிய ஒருவர், அமெரிக்காவிலேயே தங்கிவிட்ட மகளுக்குப் பிற்காலத்தில் பணமோ நிலமோ கொடுத்தால், குறிப்பிட்ட அளவுக்கு மேல் 40 சதவீத வரி. கட்ட வேண்டியது யார்? கொடுக்கிற அப்பா இல்லை, வாங்குகிற மகள்! கார்டைக் கொடுத்துவிட்டு இந்தியாவில் இருபது வருஷம் கழித்துப் புதிதாகச் சம்பாதித்த பணமாக இருந்தாலும் விடாது.

இதோடு விட்டார்களா? அமெரிக்க அரசிதழில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பெயர்ப் பட்டியல் வெளியாகிறது. குடியுரிமையைத் துறந்தவர்கள் பட்டியல் அது. நீண்டகாலவாசிகளையும் குடிமக்களாகவே பாவிப்பதாக அந்தப் பட்டியலின் முகப்பிலேயே எழுதியிருக்கிறது. ஒருநாளும் அமெரிக்கக் குடிமகனாக இருந்திராதவர், அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தவராகப் பெயர் அச்சேற வழி இருக்கிறது! இந்த ஏற்பாடு வந்தது 1996இல், ஒரு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் உள்ளே.

கார்டே வாங்காதவர்களும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய ஒரு செய்தி. அமெரிக்காவையே நிரந்தர வீடாகக் கொண்டவர் இறந்தால் 2026இல் 1.5 கோடி டாலர் சொத்து வரை அந்த நாட்டு மரபுரிமை வரி இல்லை. அங்கே நிரந்தரவாசம் இல்லாத வெளிநாட்டவர் இறந்தால்? அமெரிக்கச் சொத்தில் வெறும் 60,000 டாலருக்குத்தான் விலக்கு! அமெரிக்கக் கம்பெனிப் பங்குகள் அந்தக் கணக்கில் வரும். சென்னையில் உட்கார்ந்து மொபைல் செயலியில் வாங்கிய பங்குகளும் வரும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் மரபுரிமை வரி பற்றி ஒப்பந்தமே கிடையாது. வங்கியில் சாதாரணமாகப் போட்டுவைத்த பணத்துக்கு விலக்கு உண்டு. ஊர் திரும்புகிறவர் கார்டைக் கொடுத்துவிட்டுப் பங்குகளை அப்படியே விட்டுவிட்டு வருவதற்குள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

மற்ற நாடுகள் எப்படி? ஒவ்வொன்றும் ஒரு ரகம்! ஜெர்மனியில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், முன்கூட்டி அனுமதி வாங்காவிட்டால், பொதுவாக உரிமை தானாகவே போய்விடும். பிரிட்டனில் தொடர்ந்து இரண்டு வருஷம். கனடா நேர் எதிர். ஐந்து வருஷத்தில் 730 நாள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் விதியை மீறிப் பத்து வருஷம் வெளியே இருந்தாலும், அதிகாரபூர்வ முடிவு வரும்வரை நீங்கள் நிரந்தரவாசியேதான். குடியுரிமை பெற்ற கணவரோடு வெளிநாட்டில் சேர்ந்திருந்த நாட்களும் மனைவிக்கு அந்த 730இல் சேரும். ஹாங்காங்கில் சீனர் அல்லாத நிரந்தரவாசி 36 மாதம் தொடர்ந்து வராமலிருந்தால் அந்தஸ்து போகும். ஆனால் கைவிட மாட்டார்கள். வந்து இறங்கி வாழவும் வேலை பார்க்கவும் வேறொரு உரிமையைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

நம்மவர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் இரண்டு விஷயங்கள். நீல அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்து, இனி திரும்புவதில்லை என்று நிரந்தரமாகக் கிளம்புகிறவர், மத்திய சேமநிதியில் இருக்கும் தன் பணத்தை மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். 55 வயதுவரை காத்திருக்க வேண்டாம். இது இனிப்பான செய்தி. மறுபக்கம், பெற்றோர் மூலம் நிரந்தரவாச உரிமை பெற்ற பையன் தேசிய சேவை செய்யாமல் அந்தஸ்தைத் துறந்தால், பின்னாளில் அங்கே படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அது பாதகமாக அமையும் என்று அரசாங்கமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அப்பா அம்மா எட்டு வயதுப் பிள்ளைக்குப் போடும் கையெழுத்து இருபத்தைந்து வயதில் வந்து நிற்கும்!

இந்த விவகாரத்தில் என்னை உலுக்கிய கதை ஜப்பானில் நடந்தது. சோய் சுன் ஏ என்ற பியானோ கலைஞர். ஜப்பானிலேயே பிறந்து வளர்ந்த கொரியப் பெண். வெளிநாட்டவர் கைரேகை வைக்கவேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து ரேகை வைக்க மறுத்தார். தந்தையும் அப்படிப்பட்டவர்தான், தன் பெயரைக் கொரிய உச்சரிப்பில் சொல்லவில்லை என்று என்.எச்.கே. ஒலிபரப்பு நிறுவனத்தின் மீது ஒரே ஒரு யென் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டவர்! மகளுக்கு அமெரிக்காவில் இசை படிக்க இடம் கிடைத்தது. மறுநுழைவு அனுமதி கேட்டார். ரேகை வைக்காதவருக்கு இல்லை என்றது அரசாங்கம். அனுமதி இல்லாமல் போனால் நிரந்தரவாச உரிமை போய்விடும் என்று தெரிந்தே 1986இல் விமானம் ஏறினார். உரிமை போயே போய்விட்டது. பிறந்த நாட்டுக்குள் வர விசா தேவைப்பட்டது! 1998இல் உச்சநீதிமன்றமும் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கடைசியில் சட்டத்தையே திருத்தி, 2000இல் அவருடைய அந்தஸ்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பதினான்கு வருஷம் ஒரு பெண் விடாமல் நின்றிருக்கிறார்!

மறுபடி அமெரிக்காவுக்கு வருகிறேன், நம் வீட்டுப் பெரியவர்களுக்காக. மகன் ஸ்பான்சர் செய்து அப்பா அம்மாவுக்குக் கிரீன் கார்டு வாங்கியிருப்பார். அவர்களுக்கோ குளிரும் தனிமையும் ஒத்துக்கொள்ளவில்லை; ஊரில் பத்து மாதம், அங்கே இரண்டு மாதம். 'ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டால் போதும்' என்று யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். போதாது! கணவரின் வேலை, படிப்புக்காக ஜப்பானில் தங்கிக்கொண்டு, அவ்வப்போது அமெரிக்கா வந்துபோன ஒரு பெண்ணின் வழக்கில், குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1988இலேயே அந்தஸ்து போய்விட்டது என்று தீர்ப்பளித்தது. தாயின் எண்ணமே குழந்தைகளின் எண்ணமும் என்று சொல்லி, அவர்கள் அந்தஸ்தையும் சேர்த்தே எடுத்துவிட்டது. வீடு எங்கே, பிழைப்பு எங்கே, மனசு எங்கே என்றுதான் பார்ப்பார்கள்.

அதற்காக, விமான நிலையத்தில் அதிகாரி ஐ-407ஐ நீட்டி 'கையெழுத்துப் போடுங்கள்' என்றவுடன் போட்டுவிட வேண்டியதில்லை. இது எத்தனை பேருக்குத் தெரியும்? மறுக்கலாம். மறுத்தால் குடியேற்ற நீதிபதி முன் விசாரணை கேட்க உரிமை உண்டு. அந்தஸ்தைக் கைவிட்டார் என்று சந்தேகத்துக்கு இடமின்றித் தெளிவாக நிரூபிக்கும் பொறுப்பு அரசாங்கத்துடையது. பதினெட்டு மணிநேரப் பயணக் களைப்பில், மொழி புரியாமல், பேரனைப் பார்த்தால் போதும் என்ற அவசரத்தில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா!

உண்மையிலேயே இனி அங்கே வாழப்போவதில்லை என்றால், நீங்களாகவே முறைப்படி ஒப்படைப்பதில் எந்த அவமானமும் இல்லை, எந்தத் தடையும் இல்லை. ஐ-407 கொடுத்ததற்காக மட்டும் யாரையும் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்று சொல்வதில்லை. அதன் நகலோடு சுற்றுலா விசாவுக்குப் போகலாம்; குடியேறும் எண்ணம் இல்லை என்பதற்கு அதுவே ஒரு சாட்சி. பிற்காலத்தில் உடம்பு தளர்ந்து மகனோடு போய் இருக்கவேண்டிய நிலை வந்தால்? மகன் அமெரிக்கக் குடிமகனாக இருந்தால் முதலிலிருந்து மறுபடி விண்ணப்பிக்கலாம். குடிமக்களின் பெற்றோருக்கு வருடாந்திர எண்ணிக்கை வரம்பு கிடையாது; அண்ணன் தம்பி வகையில் வருஷக்கணக்கில் நிற்கும் அந்த நீண்ட வரிசையும் கிடையாது. கார்டைத் தபாலில் சேர்ப்பதற்கு முன் இரண்டு பக்கமும் நகல் எடுத்து, ஒப்புகை அட்டை, படிவ நகல், கடைசி வரி ரிட்டர்ன் மூன்றையும் அதனோடு ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். விசா அதிகாரி கேட்பார், வரித்துறையும் கேட்கும்.