புதுத் துண்டும் பழைய ஆடையும்



திருப்பருத்திக்குன்றம் என்றவுடன் வேகவதிக் கரையில் நிற்கும் திரைலோக்கியநாதர் கோயிலே பலருக்கும் நினைவுக்கு வரும். சமணக் காஞ்சி எனப் பெயர்பெற்ற அவ்வூரில் பல்லவர் காலத்தில் எழுந்த அக்கோயிலுக்கு, 14ஆம் நூற்றாண்டில் விசயநகர அமைச்சர் இருகப்பர் சங்கீத மண்டபத்தைக் கட்டிச் சேர்த்தார். பழையதை இடிக்கவில்லை, அதற்குப் பொருந்தும் வண்ணம் புதியதை இணைத்தார். அண்மையில் அவ்வூரில் ஒரு நெசவாளர் குடும்பத்தைச் சந்தித்து வந்த நாள்முதல் இச்செய்தி என் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

அவ்வீட்டில் தந்தை தறியில் அமர்கிறார். மகன் கணிப்பொறியில் முந்தானைக்கும் கரைக்கும் வடிவங்களை வரைந்து, ஜக்கார்டு அட்டை குத்துவோரிடம் கொடுக்கிறார். அந்தக் கணிப்பொறி, நிறுவனமே முழுதாக இணைத்து விற்ற மேசைக் கணிப்பொறி. வாங்கி ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பெரிய வடிவம் ஒன்றைத் திறந்தால் நெடுநேரம் காத்திருக்க வேண்டிய நிலை.

“சாமி, புதுசு வாங்க வட்டிக்குப் பணம் கேட்டிருக்கோம். பெரியவள் கல்யாணக் கடனே இன்னும் தீரலை” என்றார் தந்தை, குரல் தாழ்த்தி.

மகனோ, “அப்பா, பெட்டி நல்லாத்தான் இருக்கு. பிராசசரை மட்டும் மாத்தினாப் போதும்னு நினைக்கிறேன்” என்றார். விவரமறிந்த பங்கு இளைஞர் ஒருவரை அழைத்துக்கொண்டு மறுமுறை அங்கே சென்றேன். அன்று நான் கற்றதை, இதே கேள்வியோடு தவிக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

பிராசசர் என்பது கணிப்பொறியின் கணக்குப்பிள்ளை. பிரான்சு நாட்டு லியோன் நகரில் 1804ஆம் ஆண்டு ஜக்கார்டு என்பார் உருவாக்கிய கருவியில், அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி செல்லும்; இல்லாத இடத்தில் நிற்கும். அவ்வட்டை முறையைப் பின்பற்றியே சார்லஸ் பாபேஜ் 19ஆம் நூற்றாண்டில் கணக்கிடும் பொறி ஒன்றைத் திட்டமிட்டார். நம் நெசவாளர்கள் ஜக்கார்டு பெட்டியைப் பழைய தறியின் மேலேயே ஏற்றினார்கள். ஆனால் சட்டம் அப்பாரத்தைத் தாங்குமா, வீட்டின் கூரை உயரம் போதுமா என்று பார்த்த பின்னரே ஏற்றினார்கள். பிராசசரை மாற்றுவோரும் அவ்வாறே பார்த்தல் வேண்டும்.

முதலாவது, நோய் எது என்று அறிதல். வேலை நடக்கும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தோம். கணிப்பொறி தொடங்கும் வேளையில் திணறியது பழைய ஹார்டு டிஸ்க். அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தியதும் பாதித் துன்பம் தீர்ந்தது. எனினும் வடிவத்தைக் கணக்கிட்டுச் சேமிக்கும்போது பிராசசர் நூறு விழுக்காட்டிலேயே நின்றது. மகன் கருதியதும் சரியே.

இரண்டாவது, பொருத்தம். அதிலிருந்தது இன்டெல் நிறுவனத்தின் ஆறாம் தலைமுறைக் கோர் ஐ3. இரண்டு கோர்கள் மட்டுமே உடையது. அது அமரும் இடத்தில் 1151 ஊசிகள் உள்ளன. எட்டாம் தலைமுறைப் பிராசசருக்கும் அதே 1151தான். கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். ஆயினும் பழைய மதர்போர்டில் அது இயங்காது. ஏழாம் தலைமுறை வேண்டுமெனில் பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டிவரும். அப்பணியின் நடுவே மின்சாரம் நின்றால் மதர்போர்டே பயனற்றுப் போகலாம். ஆகவே, அதே ஆறாம் தலைமுறையில் நான்கு கோர்கள் கொண்ட ஐ5 ஒன்றைத் தேர்ந்தோம். தயாரித்த நிறுவனம் அந்த மாதிரிக்கென வெளியிட்ட பட்டியலில் அது உள்ளதா என்றும் பார்த்துக்கொண்டோம்.

மூன்றாவது, வெப்பமும் மின்சாரமும். பழையது 51 வாட்; புதியது 65 வாட். பவர் சப்ளையும் மின்விசிறியும் அதைத் தாங்கும் என உறுதி செய்தோம். இத்தகைய கணிப்பொறிகளில் அவை பெரும்பாலும் அந்நிறுவனத்துக்கே உரிய அளவில் அமைவதால், வேண்டும்போது கடையில் வாங்கி மாற்றுதல் எளிதன்று.

சென்னை ரிச்சித் தெருவில் பயன்படுத்திய பிராசசர் ஒன்று, சோதித்துக் காட்டிய பின் கிடைத்தது. மின்இணைப்பை முற்றிலும் நீக்கி, முக்கோணக் குறியை முக்கோணத்துக்கு நேராக வைத்து, அழுத்தாமல் அதனை அமர்த்தினார் மகன். ஊசி ஒன்று வளைந்தாலும் பாவில் இழை அறுந்ததைப் போலத்தான். பழைய பசையைத் துடைத்து, வெப்பம் கடத்தும் புதுப் பசையைப் பட்டாணியளவு இட்டு, விசிறியைப் பூட்டினார். பொறி உயிர்பெற்றது. ஆன செலவோ, கடனாகக் கேட்ட தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஒன்றை மறைத்தல் முறையன்று. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 இந்தத் தலைமுறைப் பிராசசரை முறைப்படி ஏற்பதில்லை. ஆதலால் அக்குடும்பத்தார் அந்தப் பெட்டியை இணையத்தோடு சேர்க்காமல், வடிவம் வரைவதற்கே ஒதுக்கினர். இணையமும் வங்கி வேலையும் அதிலேயே நடந்தாக வேண்டிய வீடுகளுக்கு நான் வேறு ஆலோசனை சொல்லியிருப்பேன்.

புதிய கோடித் துணியைப் பழைய ஆடையில் ஒட்டுப் போட்டால் கிழிசல் பெரிதாகும் என்றார் நம் ஆண்டவர். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்றும் அவரே சொன்னார். பொருத்தம் பாராமல் புதியதைத் திணிப்பதும் தவறு. கணக்குப் பாராமல் பழையதை எறிவதும் தவறு. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாக மறுசுழற்சிக்குச் சென்றதாகப் பதிவானது கால் பங்குக்கும் குறைவு. வீசி எறியும் பண்பாட்டைத் திருத்தந்தை பிரான்சிசு 2015ஆம் ஆண்டின் தம் சுற்றுமடலில் கண்டித்தது இதனை முன்னிட்டே.

விடைபெறும்போது தந்தை என் கைகளைப் பற்றிக்கொண்டு, “கடன் கேட்டவரிடம் வேண்டாம்னு சொல்லிட்டேன் சாமி” என்றார். உள்ளே மகன் மாங்காய்ப் புட்டா ஒன்றை வரைந்துகொண்டிருந்தார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய பொருள் தயங்கி நிற்கலாம். எறிவதற்கு முன், கடன் வாங்குவதற்கு முன், குடும்பமாக அமர்ந்து அதைத் திறந்து பாருங்கள்.