ஸ்கோர்கார்டில் மற்ற பத்துப் பேர்

டெஸ்ட் கிரிக்கெட்டில் ஒரே இன்னிங்ஸில் 400 ரன் எடுத்தவர் பிரையன் லாரா ஒருவர்தான். 2004 ஏப்ரலில் ஆன்டிகுவாவில் இங்கிலாந்துக்கு எதிராக அடித்த அந்த 400-ஐ இன்றுவரை யாரும் எட்டவில்லை. ஆனால் லாராவின் தலைசிறந்த ஆட்டம் எது என்று கேட்டால், விவரம் தெரிந்த ரசிகர்கள் பலரும் 1999 மார்ச்சில் பார்படாஸில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக எடுத்த 153-ஐத்தான் சொல்வார்கள்.

ஆன்டிகுவாவில் வெஸ்ட் இண்டீஸ் 5 விக்கெட்டுக்கு 751 ரன் குவித்தது, ஆட்டம் டிரா. தொடரின் முதல் மூன்று டெஸ்ட்டுகளையும் அந்த அணி ஏற்கெனவே தோற்றிருந்தது. பார்படாஸில் கதை வேறு. இலக்கு 308. 105 ரன்னுக்கு 5 விக்கெட் போயாயிற்று. எதிரே மெக்ராத், கில்லெஸ்பி, வார்ன், மெக்கில். கடைசி ஆளாக வந்த கோர்ட்னி வால்ஷ், டெஸ்ட் வாழ்க்கையில் 43 முறை டக் அவுட் ஆனவர். அவரை மறுமுனையில் வைத்துக்கொண்டு லாரா ஒரு விக்கெட்டில் ஜெயித்துக் கொடுத்தார். ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே வீரர் ஆடிய இரண்டு ஆட்டங்களையே ரன்னை வைத்து எடைபோட முடியவில்லை. அப்படியிருக்க, 1930-களின் பிராட்மனையும் 1970-களின் கவாஸ்கரையும் 21-ஆம் நூற்றாண்டு வீரர்களையும் எந்தத் தராசில் நிறுத்துவது?

தராசு இல்லாமல் இல்லை. அன்றைக்கு, அதே ஆடுகளத்தில், அதே பந்துவீச்சுக்கு எதிராக மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். காலம் மாறினாலும் இந்த ஒப்பீடு மாறாது.

முதலில் பிராட்மன். 52 டெஸ்ட், 6,996 ரன், சராசரி 99.94. அவருடைய ஆட்டத்தைக் குறைத்துச் சொல்பவர்களிடம் நியாயமான காரணங்கள் உண்டு. அவர் ஆடிய டெஸ்ட்டுகள் எல்லாமே ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் நடந்தவை. எதிரணிகள் நான்கே நான்கு. டி.ஆர்.எஸ். கிடையாது, ஒவ்வொரு ஷாட்டையும் வீடியோவில் போட்டு அலசும் பயிற்சியாளர்களும் கிடையாது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் பேட்டிங் அவ்வளவு சுலபமான காலம் என்றால், அந்தச் சுலபம் மற்றவர்களுக்கும் கிடைத்திருக்க வேண்டுமே? அவர் காலத்து ஜாம்பவான்களில் ஜார்ஜ் ஹெட்லியின் சராசரி 60.83, சட்கிளிஃப் 60.73, ஹாமண்ட் 58.45. பிராட்மன் இவர்களைவிட ஏறக்குறைய 40 ரன் மேலே நிற்கிறார். அவர் உடம்பைக் குறிவைத்தே இங்கிலாந்து பந்து வீசிய 1932–33 பாடிலைன் தொடரில்கூட அவர் சராசரி 56.57. அவருடைய தோல்வி என்று எழுதப்பட்ட தொடர் அது! மற்றவர்களுக்கு அது ஒரு வாழ்நாள் சாதனை.

பிராட்மன் மீது இவ்வளவு மதிப்பு வைத்தாலும், அவருடைய மிகப் புகழ்பெற்ற இன்னிங்ஸைச் சற்று உற்றுப் பார்க்கத்தான் வேண்டும். 2001-இல் விஸ்டன் வெளியிட்ட சிறந்த 100 டெஸ்ட் இன்னிங்ஸ் பட்டியலில் முதலிடம், 1937 ஜனவரியில் மெல்போர்னில் அவர் எடுத்த 270-க்குக் கிடைத்தது. அப்போது ஆடுகளத்தை மழைக்கு மூடும் வழக்கம் இல்லை. நனைந்து காயும் மண்ணில் பந்து தாறுமாறாக எகிறும். அந்த ஆடுகளத்தில் தவித்த இங்கிலாந்து 9 விக்கெட்டுக்கு 76 ரன்னில் டிக்ளேர் செய்தது. கேப்டன் பிராட்மன் உடனே பேட்டிங் வரிசையைத் தலைகீழாக்கி, ஓரைலி, ஃப்ளீட்வுட்-ஸ்மித் போன்ற பந்துவீச்சாளர்களை முன்னால் அனுப்பினார். களம் காயக் காய ஆடுவது எளிதாயிற்று. 5 விக்கெட்டுக்கு 97 என்ற நிலையில் அவரும் ஃபிங்கிள்டனும் சேர்ந்து 346 ரன் எடுத்தார்கள். தொடரில் 0–2 என்று பின்தங்கியிருந்த ஆஸ்திரேலியா 3–2 என்று வென்றது. கேப்டனின் மூளைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் கடினமான களத்தில் ஆடிய பேட்டிங் என்று மட்டும் பார்த்தால், முதலிடம் கொடுப்பது சற்று தாராளம்தான்.

பந்து வீசியவர் யார் என்பதும் முக்கியம். வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக கவாஸ்கர் 13 சதம் அடித்தார் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. அந்த 13-இல் 4 சதங்கள் 1971-இல் வந்தவை. ஹாலும் கிரிஃபித்தும் ஓய்வு பெற்று, ராபர்ட்ஸும் ஹோல்டிங்கும் இன்னும் வராத காலம். இன்னும் 4 சதங்கள் 1978–79-இல்; பாக்கர் தனியாக நடத்திய போட்டித் தொடருக்குப் போன முன்னணி வீரர்கள் இல்லாத அணி அது. கவாஸ்கரின் உண்மையான உயரத்தைப் பார்க்க வேண்டுமானால் 1983 டெல்லி டெஸ்ட்டைப் பாருங்கள். மார்ஷலும் ஹோல்டிங்கும் வேகத்தின் உச்சத்தில் இருந்தபோது, ஹெல்மெட் அணியாமல், 94 பந்தில் சதம். அந்த ஒன்று, 1978–79-இன் நான்குக்கும் மேல்.

அணியின் மொத்த ரன்னில் ஒருவரின் பங்கு எவ்வளவு என்ற சதவீதக் கணக்குக்கு வருவோம். வரலாற்றின் முதல் டெஸ்ட்டிலேயே, 1877 மெல்போர்னில், ஆஸ்திரேலியாவின் 245 ரன்னில் சார்லஸ் பேனர்மன் மட்டும் 165 எடுத்தார். விரலில் அடிபட்டு வெளியேறியிருக்காவிட்டால் இன்னும் எடுத்திருப்பார். அணியின் மொத்த ரன்னில் 67 சதவீதம். முழுதாக முடிந்த ஒரு இன்னிங்ஸில் அதை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

1975 ஜனவரி, சேப்பாக்கம். ஆண்டி ராபர்ட்ஸ் எகிறும் ஆடுகளத்தில் 64 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். இந்தியா 190. அதில் குண்டப்பா விஸ்வநாத் 97, ஆட்டமிழக்காமல். மற்ற யாரும் 20-ஐத் தொடவில்லை. ஒன்பதாவது விக்கெட்டுக்கு பேடி துணை நின்றார். அப்புறம் வந்த சந்திரசேகர், டெஸ்ட் வாழ்க்கையில் எடுத்த ரன்னைவிட வீழ்த்திய விக்கெட் அதிகம் உள்ளவர். அவர் அவுட்டானதும் விஸ்வநாத்தின் சதம் மூன்று ரன்னில் கைநழுவிப்போயிற்று. இந்தியா 100 ரன்னில் வென்றது. சதங்களின் பட்டியலைத் தேடுபவர் கண்ணில் இந்த ஆட்டம் படவே படாது. விஸ்டன் பட்டியல் இதை 38-ஆம் இடத்தில் வைத்தது. அந்த நியாயத்துக்காக அந்தப் பட்டியலைப் பாராட்ட வேண்டும்.

அதே பட்டியலில் சச்சினின் ஒரு இன்னிங்ஸ்கூட இல்லை. அதே சேப்பாக்கத்தில் 1999-இல் பாகிஸ்தானுக்கு எதிராக, 271 ரன் இலக்கைத் துரத்தி, 82-க்கு 5 விக்கெட் போன பிறகு, முதுகு வலியோடு அவர் ஆடிய 136-க்கும் இடமில்லை. அவர் அவுட்டானபோது தேவை 17 ரன். கையில் மூன்று விக்கெட். அதில் நான்கு ரன் சேர்வதற்குள் மூன்றும் விழுந்தன. அந்த நான்கு ரன்னைப் பதினேழாக மற்றவர்கள் ஆக்கியிருந்தால் சச்சின் ஆட்டத்தில் ஒரு பந்தும் மாறியிருக்காது. வெற்றிக்குத் தனி மதிப்பெண் போடும் எந்தப் பட்டியலும் இந்த இடத்தில் தவறு செய்கிறது.

சதவீதமும் எல்லாவற்றையும் அளந்துவிடாது. 2001 கொல்கத்தாவில் பாலோ ஆன் ஆடிய இந்தியாவுக்கு லட்சுமண் 281, டிராவிட் 180. இருவரும் சேர்ந்து 376. டிராவிட் நன்றாக ஆடியதால் லட்சுமணின் பங்கு குறைவாகத் தெரிகிறது. அதற்காக அந்த ஆட்டம் சிறுத்துவிடுமா? 2019 பிப்ரவரியில் டர்பனில் இலங்கையின் குசல் பெரேரா எடுத்த 153-உம் அப்படித்தான். ஸ்டெயின், ரபாடா, பிலாண்டர் வீச, 304 இலக்கில் 226-க்கு 9 விக்கெட். கடைசி விக்கெட்டுக்கு வந்த 78 ரன்னில் விஷ்வா ஃபெர்னாண்டோ எடுத்தது 6. ஆனால் அவர் தாக்குப்பிடித்த 27 பந்துகள் இல்லையென்றால் பெரேராவின் வெற்றியே இல்லை.

இவ்வளவையும் கணக்கில் எடுத்தால், வாழ்நாள் சாதனைக்கு பிராட்மனுக்குப் போட்டியே கிடையாது. ஒரே ஒரு இன்னிங்ஸ் என்றால், இந்தக் கட்டுரையின் ஓட்டு கிரஹாம் கூச்சுக்கு. 1991 ஜூன், ஹெடிங்லி. மேகமூட்டம், பந்து ஏறி இறங்கும் ஆடுகளம், அம்ப்ரோஸ், மார்ஷல், பேட்டர்சன், வால்ஷ். 37 வயதில் தொடக்க வீரராக இறங்கி, ஏழரை மணி நேரம் நின்று, கடைசிவரை ஆட்டமிழக்காமல் 154. இங்கிலாந்தின் மொத்தம் 252. லாம்ப் பூஜ்யம், ராபின் ஸ்மித் பூஜ்யம், இன்னும் இருவர் மட்டுமே இரட்டை இலக்கம். அவர்கள் எடுத்ததும் ஆளுக்கு 27. இங்கிலாந்து 115 ரன்னில் வென்றது. 1969-க்குப் பிறகு சொந்த மண்ணில் வெஸ்ட் இண்டீஸை அந்த அணி டெஸ்ட்டில் வீழ்த்தியது அதுவே முதல் முறை.