தானியங்கிக் காரில் இரண்டு வகைக் கியர்



காப்பாரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் சாலையில், லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று கார் ஓட்டுகிறவருக்குக் கிளட்ச் மிதித்தே கால் சலித்துவிடும். அதனால்தான், சேமித்த பணத்தில் பழைய கார் வாங்க நினைக்கும் குடும்பங்கள் பலவும் 'ஆட்டோ' காரைத் தேடுகின்றன. அங்கே ஒரு கேள்வி எழுகிறது: சாதாரண ஆட்டோவா, சி.வி.டி.யா? இன்று அதைப் பற்றிச் சிந்திப்போம்.

சாதாரண ஆட்டோவில் பற்சக்கரங்கள் இருக்கின்றன. மாடிப்படி ஏறுவது போல ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கியர் தானாகவே மாறுகிறது. மாறும்போது சிறிய அசைவை உணர்கிறோம்.

சி.வி.டி.யில் படிகள் இல்லை, சரிவுப் பாதைதான். இரண்டு கப்பிகளை ஓர் எஃகு பெல்ட் இணைக்கிறது. ஒவ்வொரு கப்பியும் கூம்பு வடிவான இரண்டு தட்டுகளால் ஆனது. தட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்புக்கு ஏறும். விலகினால் நடுவுக்கு இறங்கும். இப்படி வேக விகிதம் சிறிது சிறிதாக மாறுகிறது. நம் பிள்ளைகள் ஓட்டும் கியரில்லாத ஸ்கூட்டரிலும் இதே தத்துவம்தான்; அங்கே ரப்பர் பெல்ட். ஹாலந்து நாட்டின் டாஃப் நிறுவனம் 1958-லேயே இம்முறையில் கார் செய்தது.

எது சிறந்தது? இயந்திரத்தை ஏற்ற வேகத்தில் சுழலவிடுவதால், சி.வி.டி. பெட்ரோலைச் சிக்கனப்படுத்த உதவும். சாதாரண ஆட்டோவின் அமைப்போ நம் பட்டறைகளுக்குப் பல காலமாகப் பழகியது.

நம் நாட்டுக் கார்களையே பாருங்கள். 2011-இல் சி.வி.டி.க்கு மாறிய புரோட்டோன் சாகா, 2019-இல் நான்கு கியர் ஆட்டோவுக்குத் திரும்பியது. பெரோடுவா மைவியோ, 2021-இல் நான்கு கியர் ஆட்டோவை விட்டு டி-சி.வி.டி.க்கு வந்தது. இதில் வேகம் கூடும்போது பெல்ட்டோடு பற்சக்கரங்களும் சேர்ந்து உழைக்கின்றன. இரண்டு நிறுவனங்களும் எதிரெதிர்த் திசையில் சென்றன என்றால், ஒன்று நல்லது, மற்றது கெட்டது என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது விளங்கும்.

ஆகவே, பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பராமரிப்பைப் பாருங்கள். வாங்குமுன் சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். கியர் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்று பாருங்கள். காரை ஓட்டிப் பாருங்கள். சி.வி.டி.யில் இயந்திரச் சத்தம் ஒரே சீராக இருக்க வேகம் மட்டும் ஏறுவது இயல்பு; ஆனால் புறப்படும்போது நடுக்கமோ, ஊளையிடும் சத்தமோ இருந்தால் நம்பிக்கையான பட்டறையில் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சாதாரண ஆட்டோவில் கியர் பலமாக உதைத்தாலும் அப்படியே.

வாங்கிய பிறகு, அந்தந்தக் கியருக்குக் குறிப்பிட்ட எண்ணெயையே ஊற்றச் சொல்லுங்கள். ஒன்றின் எண்ணெயை மற்றதில் ஊற்றினால் கியர் பெட்டியே கெட்டுவிடலாம். கார் முழுவதும் நின்ற பிறகே பின்கியர் போடுங்கள். வழியில் பழுதானால், இயங்கு சக்கரங்கள் தரையில் படாதவாறு தூக்கியே இழுக்கச் சொல்லுங்கள்.

எண்ணெய் மாற்றும் செலவு சிறிது. கியர் பெட்டி மாற்றும் செலவோ பல மாதச் சம்பளம். வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தை, விற்பவரின் பேச்சை விடச் சர்வீஸ் புத்தகமே நன்கு காக்கும்.