பனியில் கிடைக்கும் கரிம விண்கல்: வகை எவ்வாறு முடிவாகிறது?

புணே அருகே கடக்வாஸ்லா அணையைச் சுற்றியுள்ள குன்றுகள், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய எரிமலைக் குழம்பு இறுகி உருவான கரும்பாறைகளால் ஆனவை. அங்கு ஒரு விண்கல் கிடந்தாலும் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. அண்டார்க்டிகாவில் நிலைமை நேர்மாறானது. நீலப் பனிப்பரப்பின் நடுவே கிடக்கும் கருங்கல் பெரும்பாலும் வானிலிருந்து வந்ததாகவே இருக்கும்.

1969-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அங்குள்ள யமாட்டோ மலைகளுக்கு அருகே 9 விண்கற்களைக் கண்டெடுத்தனர். அவை வெவ்வேறு வகையைச் சேர்ந்தவையாக இருந்ததால், ஒரே கல் உடைந்து சிதறியவை அல்ல என்பது உறுதியானது. வெவ்வேறு காலங்களில் விழுந்த கற்களை நகரும் பனிப்பாளம் சுமந்து வந்து ஓரிடத்தில் சேர்க்கிறது. இதுவரை அக்கண்டத்தில் 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்கற்கள் சேகரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் கரிம வகை மிகக் குறைவு.

'கரிம' என்ற பெயர் சற்றே ஏமாற்றக்கூடியது; இவ்வகையில் கரிமம் மிகக் குறைந்த கற்களும் உண்டு. வகையை முடிவு செய்பவை தனிமங்களின் விகிதமும், ஆக்சிஜனின் மூன்று ஐசோடோப்புகளின் அளவும்தான். முதலில் கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் காண்பர். அதிலுள்ள 'காண்ட்ரூல்' எனும் சிற்றுருண்டைகள் சிவி பிரிவில் ஏறத்தாழ 1 மி.மீ., சிஎம் பிரிவில் 0.3 மி.மீ. இருக்கும், சிஐ பிரிவில் அநேகமாக இராது. அடுத்து ஓர் எண் சேர்க்கப்படும். 3 என்றால் பெரிதும் மாறாதது. 2 என்றால் தாய்க்கோளில் நீரால் மாறியது. 1 என்றால் முற்றிலும் மாறியது.

சிக்கல் இங்குதான். பூமிக்கு நீர் வந்த வழியை அறிய இக்கற்கள் முக்கியச் சான்று. ஆனால், பனியில் பல்லாயிரம் ஆண்டுகள் கிடந்த கருங்கல் வெயிலில் சூடேறும்போது, அதைச் சுற்றி உருகும் நீரும் துருவையும் உப்பையும் உண்டாக்கும். இதனைச் சிறுகோளின் நீர் விட்டுச்சென்ற தடயம் எனக் கொண்டால் முடிவே தவறிவிடும். ஆகவே துருவின் அளவு ஏ, பி, சி எனத் தனியே பதிவாகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, விழுந்தவுடன் எடுக்கப்பட்ட கல் தேவை. 2017 ஜூன் 6 அன்று ஜெய்ப்பூர் அருகே முகுந்த்புராவில் விழுந்த கல் அத்தகையது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தினர் அதனைச் சிஎம்2 என வகைப்படுத்தினர்.

வகை தெரிந்தாலும் பெயரை ஏற்பது சர்வதேச விண்கல் சங்கத்தின் குழுவே. அதற்கு 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 சதவீதம், இவற்றில் எது குறைவோ அந்த அளவு மாதிரியை ஆய்வு நிறுவனமொன்றில் நிரந்தரமாக ஒப்படைக்க வேண்டும்.