என் தலையில் அடித்த சத்தியம்

"அம்மிணி, உன் தலை மேல சத்தியமா இனி அதைத் தொடமாட்டேன்."

அப்பா இதைச் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை காலை. அவருடைய உள்ளங்கை என் உச்சந்தலையில் இருந்தது, விரல்கள் நடுங்கின. அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை ராத்திரி அவர் குடித்துவிட்டுத்தான் வந்தார்.

ஒரு மாதத்துக்குள் எனக்கு மஞ்சள்காமாலை வந்தது. பொய்ச் சத்தியம் பண்ணினால் அது பிள்ளை தலையில் விடியும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கரைத்துக் கொடுத்த ஆத்தாவிடம் ஒன்று கேட்க வாய் வரை வந்தது: அப்பா இன்னொரு தடவை குடித்தால் நான் செத்துப்போய்விடுவேனா? கேட்கவில்லை. வீட்டு விஷயத்தை வாயில் எடுக்கக்கூடாது என்பது அதற்குள் எனக்குப் பழகியிருந்தது.

சோமனூர் பக்கத்தில் ஒரு தறிக்குடோனில் அப்பா தறி ஓட்டினார். சனிக்கிழமை சம்பளம். அன்று சாயங்காலம் எனக்கென்று சில வேலைகள் இருந்தன. தம்பிக்கு ஆறரை மணிக்கே சோறு ஊட்டிவிட வேண்டும். அருவாமனையை அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ள வேண்டும். பள்ளிக்கூடப் பையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்க வேண்டும், ஒருமுறை அது கிணற்றடியில் கிடந்ததால். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பிறகு சைக்கிள் வரும் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். ஸ்டாண்டு ஒரே தட்டில் விழுந்தால் அன்றைக்குத் தப்பித்தோம். சைக்கிளே சாய்ந்து விழுந்தால் தம்பியை இழுத்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடுவேன்.

அவர் கெட்டவர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. வாய்ப்பாட்டை எனக்குத் தறி ஓடும் தாளத்தில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பதினாறாம் வாய்ப்பாடு இன்றைக்கும் எனக்கு அந்தத் தாளத்தில்தான் வருகிறது. வெறுப்பதா, மடியில் போய் உட்கார்வதா என்று தெரியாமல் ஒரு பிள்ளை வளர்வது பெரிய சித்திரவதை.

எனக்குப் பதிமூன்று வயதான வருஷம், குடி தினசரி ஆகிவிட்டிருந்த நேரத்தில், கார்த்திகையில் அப்பா மாலை போட்டார். குடியை அன்றோடு நிறுத்தினார். என் தலைமேல் சத்தியம் செய்து அல்ல, சாமி மேல் என்பதில் எனக்கு நிம்மதி. முதல் நாள் வேர்த்துக் கொட்டியது. இரண்டாம் நாள் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி வெறும் சுவரில் எறும்பு ஊர்வதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டே இருந்தார், இல்லாத ஆளிடம் பேசினார். "சாமி, என்னாச்சுங்க சாமி" என்று அம்மா அழுதாள். விரதத்தில் ஏதோ குறை என்றார்கள். திருநீறு போட்டார்கள். விடியற்காலையில் வலிப்பு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அது தெய்வக்குற்றம் இல்லை என்று எனக்குத் தெரியப் பல வருஷம் ஆனது. வருஷக்கணக்காகத் தினமும் குடிப்பவரின் மூளையை மது அமுக்கியே வைத்திருக்கிறது. அந்த அமுக்கத்துக்கு ஈடுகொடுக்க மூளை தன்னை முறுக்கேற்றிக்கொள்கிறது. திடீரென்று குடியை நிறுத்தினால் அமுக்கம் போய் முறுக்கு மட்டும் மிஞ்சுகிறது. நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் அதனால்தான். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் வைத்து, முறுக்கைத் தணிக்கும் மருந்தும் பி1 வைட்டமினும் கொடுத்து, மெதுவாக இறக்க வேண்டிய நோய் அது. வைராக்கியம் உள்ளவன் விட்டுவிடுவான் என்று சொல்லிச் சொல்லியே அவரைச் சாகக் கொடுக்க இருந்தோம்.

அப்பா அன்று பிழைத்தார். மாலையைக் கழற்றியதும் மறுபடி குடித்தார். நான் கல்லூரி முடித்த வருஷம்தான் கோவையில் முறையான சிகிச்சைக்குச் சேர்ந்தார். அங்கே குடும்பத்தாரை உட்கார வைத்துப் பேசும் நாளில், பழக்கதோஷத்தில் அவர் கை என் தலைக்கு வந்தது. ஆலோசகர் அம்மா தடுத்தார். "அந்தப் புள்ள தலைய விடுங்க. இன்னைக்குக் குடிக்கமாட்டேன்னு மட்டும் சொல்லுங்க. நாளைக்குச் சொல்ல வேண்டியத நாளைக்குச் சொல்லலாம்" என்றார். அப்பா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் என் தலையில் இருந்த பாரம் அன்று இறங்கியது. அதற்கப்புறமும் இரண்டு தடவை வழுக்கினார். அப்போது எனக்குக் காய்ச்சல் வரவில்லை. கடைசி ஒன்பது வருஷம் தொடாமலே இருந்து போய்ச் சேர்ந்தார்.

1957-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், குடிநோயாளி ஒருவரின் பதின்வயது மகன் தன்னைப் போன்ற பிள்ளைகளைக் கூட்டி உட்கார்ந்து பேசத் தொடங்கினான். அலட்டீன் என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது. பெற்றவர் குடிப்பதற்குப் பிள்ளை காரணம் இல்லை, அதை நிறுத்துவதும் பிள்ளையின் பொறுப்பு இல்லை என்பதே அங்கே பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது. அதை ஒன்பது வயதில் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மது குடிப்பவர்கள் சுமார் 16 கோடி. அவர்களில் ஏறக்குறைய 5.7 கோடிப் பேருக்குக் குடி கைமீறிப்போய் உதவி தேவைப்படுகிறது. இது குடிப்பவர்களின் எண்ணிக்கை. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று வைத்துக்கொண்டாலும் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எத்தனை கோடி?

இப்போது நான் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். திங்கட்கிழமை காலை மேசையில் தலை கவிழ்த்துத் தூங்கும் பிள்ளையை எழுப்புவதில்லை. மதியம் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டாயா என்பதோடு ஆரம்பிப்பேன்.

குடியை விட நினைக்கும் அப்பாக்களே, விட வைக்கத் துடிக்கும் அம்மாக்களே, பிள்ளையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யாதீர்கள், செய்யச் சொல்லாதீர்கள். 14446 என்ற எண்ணை அழையுங்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கான தேசிய உதவி எண் அது. கட்டணம் கிடையாது.