துருவ ஒளி: முக்கால் மணி நேர முன்னறிவிப்பு

நார்வேயின் டிராம்சோவுக்கோ ஐஸ்லாந்துக்கோ துருவ ஒளி பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கைபேசியில் ஒரு செயலியை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். திறந்ததும் பெரிய எழுத்தில் ஓர் எண் வரும்: கே.பி 3, கே.பி 6. எண் ஏறினால் வானம் ஒளிரும் என்று கிளம்பிவிடுவார்கள். அதற்குக் கீழே, பலரும் கவனிக்காமல் தள்ளிவிடும் ஒரு கோட்டுப்படம் இருக்கும். நான் யாருக்காவது சொல்லித் தருவதென்றால் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்குவேன்.

கே.பி என்பது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று 0 முதல் 9 வரை சொல்லும் அளவு. பல நாடுகளில் உள்ள 13 காந்த ஆய்வகங்களின் பதிவுகளிலிருந்து, மூன்று மணி நேரத்துக்கு ஒன்று என்று அதைக் கணக்கிடுகிறார்கள். காந்தப் புயலுக்கு ஜி1 முதல் ஜி5 வரை தரம் பிரிப்பதும் இதை வைத்துத்தான். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்ணைப் போல, நிலைமையின் கடுமையை ஒரே எண்ணில் சொல்லிவிடுகிறது. ஆனால் துருவ ஒளி பத்தே நிமிடங்களில் பொங்கி அடங்கிவிடக்கூடியது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு எண்ணை நம்பிக் குளிரில் நின்றால், அந்தப் பத்து நிமிடங்கள் எப்போது என்று தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள, துருவ ஒளியைத் தூண்டும் சூரியக் காற்று வரும் வழியிலேயே போய்ப் பார்க்க வேண்டும். பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கி.மீ. தொலைவில் எல்1 என்ற புள்ளி இருக்கிறது. 1997-ல் ஏவிய ஏஸ், 2015-ல் ஏவிய டிஸ்கவர் ஆகிய அமெரிக்க விண்கலங்கள் அங்கே காவல் நின்றன. 2024 ஜனவரியில் இஸ்ரோவின் ஆதித்யா-எல்1 விண்கலமும் அங்கே போய்ச் சேர்ந்தது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். கடந்து போகும் காற்றின் வேகம், அடர்த்தி, அது சுமந்துவரும் காந்தப்புலம் எல்லாவற்றையும் இத்தகைய கலங்கள் அளக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் போல்டரில் உள்ள விண்வெளி வானிலை முன்கணிப்பு மையம், தனக்கு வரும் அளவுகளை உடனுக்குடன் இலவசமாக வெளியிடுகிறது. நிரல் எழுதத் தெரிந்த எவரும் எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான செயலிகளின் ஊற்று இதுதான்.

நான் சொன்ன கோடு ‘பி இசட்’. காந்தப்புலத்தின் வடக்கு-தெற்கு அளவு அது. கோடு பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் புலம் வடக்கு நோக்கியிருக்கிறது, கீழே இறங்கினால் தெற்கு. பூமியின் பகல் பக்கத்தில் நம் காந்தப்புலம் வடக்கு நோக்கியே இருப்பதால், எதிர்த்திசையில் வரும் தெற்குப் புலம் அதனோடு பிணைந்து, ஆற்றலை உள்ளே விடுகிறது. அந்த ஆற்றல் இரவுப் பக்கத்துக் காந்த வாலில் சேர்ந்து, திடீரென விடுபட்டு, எலக்ட்ரான்களை வளிமண்டலத்துக்குள் தள்ளுகிறது. சுமார் 100 கி.மீ. உயரத்துக்கு மேல் ஆக்சிஜன் பச்சையாகவும், 200 கி.மீ.க்கு மேல் சிவப்பாகவும் ஒளிர்கிறது. கோடு −10 நானோடெஸ்லாவுக்குக் கீழே போய் அரை மணி நேரம் அங்கேயே நின்றால், குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

கையில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். காற்று நொடிக்கு 500 கி.மீ. வேகத்தில் வந்தால் எல்1-லிருந்து பூமிக்கு 50 நிமிடம். 800 கி.மீ. என்றால் அரை மணி நேரம்.

சூரியனில் வெடித்ததுமே சொல்லக்கூடாதா என்று கேட்கலாம். வெடிப்பின் ஒளி எட்டு நிமிடத்தில் வந்துவிடுகிறது. வீசியெறிந்த பிழம்பு வந்துசேர ஒன்று முதல் மூன்று நாட்கள்வரை ஆகும். வேகத்தையும் பாதையையும் தொலைநோக்கிப் படங்களிலிருந்து ஊகிக்கலாம். அதற்குள் இருக்கும் காந்தப்புலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது மட்டும் எல்1-ஐத் தொடும்வரை நிச்சயமாகத் தெரியாது. 2014 செப்டம்பர் 10-ல் கிளம்பிய பிழம்பு நேராகப் பூமிக்கு வந்தது, ஆனால் புலம் பெரும்பாலும் வடக்கு நோக்கியிருந்ததால் எதிர்பார்த்த பெரும்புயல் வரவில்லை. 2024 மே 10-ல் அடுத்தடுத்து வந்தவற்றிலோ பி இசட் −50 வரை இறங்கியது. 2003-க்குப் பிறகு முதல் ஜி5 புயல் அதுதான். லடாக்கின் ஹன்லே வானாய்வகக் கேமராக்கள்கூட வடக்கு அடிவானத்தில் சிவப்பைப் பதிவு செய்தன.

செயலியில் வரும் பச்சை வளையப் படம் ‘ஓவேஷன்’ என்ற கணிப்பு முறையிலிருந்து வருவது. எல்1 அளவுகளை வாங்கி, எந்த அட்சரேகையில் ஒளி தெரிய எவ்வளவு வாய்ப்பு என்று அடுத்த 30 முதல் 90 நிமிடங்களுக்குக் கணித்துத் தருகிறது. படத்தின் ஓரத்தில் அளந்த நேரம், கணித்த நேரம் என்று இரண்டு நேரங்கள் இருக்கும். உலகப் பொது நேரத்தில் போட்டிருப்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணிப்பே வீணாகிவிடும்.

மேகம் இந்தக் கணக்கில் வராது. ஐஸ்லாந்து வானிலைத் துறை அதனால்தான் தன் துருவ ஒளிப் பக்கத்தில் மேகப் படத்தையே பெரிதாகப் போடுகிறது. அதில் பச்சை என்றால் மேகமூட்டம், வெள்ளை என்றால் தெளிந்த வானம். ஒளியின் நிறம் பச்சை என்பதால் பச்சைப் பகுதியைத் தேடிக் காரோட்டிப் போய்விடக் கூடாது.